கல்பனா மடியில என் காலு

இன்னிக்கு வீட்டுல இருந்தது நான், மருமக கல்பனா, என் நாத்தனார் சரோஜா.

கிரிவலம் சுத்திட்டு வந்து உக்காந்தோம். குதிகால் வெடிப்புல மண்ணு ஏறி எனக்கு எரிச்சல் தாங்கல. ஆனாலும் காலைப் புடவைக்குள்ள இழுத்துக்கிட்டேன். என் கல்யாணத்துல மெட்டி போடறப்ப, "காஞ்ச ஏரியாட்டம் இருக்குதே"ன்னு ஊரே கேக்கச் சிரிச்சவ சரோஜா. அன்னியிலேருந்து யாருக்கும் என் பாதத்தைக் காட்டினதில்ல.

நான் முகம் சுளிச்சதைக் கல்பனா பாத்துட்டா. வேணாம்னேன், கேக்கல. வெந்நீருல காலைக் கழுவி, தன் மடியில தூக்கி வெச்சு, பெட்ரோலியம் ஜெல்லி தடவினா.

"ஏம்மா, பெட்ரோலாமே, எரியாதா?"

"சுத்தம் பண்ணதுங்க அத்தை, ஒண்ணும் பண்ணாது. ஈரம் காயறதுக்குள்ள தடவினா தோல் காயாம இருக்கும்."

இன்னொரு காலுக்கு நானே தடவி, பழக்கதோஷத்துல கையை முந்தானையில தொடைச்சுட்டு விளக்கேத்தப் போனேன். கல்பனா ஓடி வந்து தீப்பெட்டியைப் பிடுங்கிட்டா.

"ஜெல்லி துணியில ஊறினா தீ சட்டுனு பிடிச்சுக்கும். புடவை மாத்திட்டு வாங்க அத்தை!"

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

புடவை மாத்திட்டு நான் திரும்பி வந்தா, சரோஜா காலை நீட்டிக்கிட்டு, "எனக்கும் தடவேன் கல்பனா"ங்கிறா. என்னைவிட ஜாஸ்தி வெடிப்பு!

கல்பனா தடவட்டும், நல்ல பொண்ணு. நீங்களே சொல்லுங்க, நான் மன்னிக்க முடியுமா அந்த சரோஜாவை?