ஜன்னலில்லாத மூலை

“செவ்வாய், காலை 7.10. ஜோஷிமட் தாண்டியாயிற்று” என்கிறது என் குறிப்பேடு. ஸ்ரீரங்கத்திலிருந்து பத்ரிக்குக் கிளம்பிய யாத்திரை பஸ்ஸில் அது ஒன்பதாம் நாள். ஒடிசலான எங்கள் சமையல்காரர் பின்னால், ஜன்னலில்லாத மூலையில், பாத்திரங்களோடு வந்தார். எந்த ஊர்த் தண்ணீர் என்பதைப் பருப்பு வேகும் நேரத்தை வைத்தே சொல்வார்.

“பனிமலை தெரியறது, முன்னாடி வாங்கோ” என்றேன்.

“பதினோரு தடவை வந்தாச்சு ஸ்வாமி, ஒரு தடவையும் பார்த்ததில்லை. நான் எழுந்தா சாத்தமுதை யார் பிடிச்சுப்பா?”

ரசப் பாத்திரத்தை நான் வாங்கிக்கொண்டு, அவரை என் சீட்டுக்கு அனுப்பினேன். அரை மணியில் திரும்பினார்.

“சேவிச்சேளா?”

“ஆச்சு ஸ்வாமி, திவ்யம்.”

விடியுமுன்னே எழுந்து அடுப்பு மூட்டியவர் அவர். அந்த அரை மணியும் அவர் தலை ஜன்னலில் சாய்ந்தே இருந்தது. கண் திறந்திருந்ததா என்பது பின்னாலிருந்த எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை உறுதியாகவில்லை.