யாரும் வராத பார்க்கில் ஒருவர்

போன ஞாயிறு காலை எங்கள் காலனி வாட்ஸ்அப்பில் ஓர் உத்தரவு. 'மண் பரிசோதனை நடக்கிறது. முடியும்வரை யாரும் பார்க்கில் நடக்கக் கூடாது!'

டெல்லிதான் நிலநடுக்கத்தில் அடிக்கடி ஆடுகிற ஊராயிற்றே! எங்கள் பழைய ஃப்ளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறோம். அடியில் இருப்பது கெட்டித் தரையா, யமுனை மணலா என்று தெரிந்தால்தானே அஸ்திவாரம் போட முடியும்? தரையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கருவிகளைக் குத்தி வைத்தார்கள். இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. அதிர்வு மண்ணுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று லேப்டாப் சொல்லிவிடுமாம்.

நான் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் உள்ளே தூங்குகிறார் என்று நினைப்பு. பக்கவாதம் வந்ததிலிருந்து மனிதர் வெளியே காலடி வைக்கவில்லை. நடக்காவிட்டால் இடது கால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் எச்சரித்தாயிற்று. பார்க்குக்குக் கூப்பிட்டாலோ எரிந்து விழுவார். "எல்லாரும் பாவம்னு பாப்பாங்க. நான் வரலை!" எனக்குக் கோபம் வரும்... பின்னாலேயே அழுகையும் வரும்.

திடீரென்று, லேப்டாப் முன் இருந்த இன்ஜினியர் பெண் — டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் — சம்மட்டிக்காரரை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். "பையா, ருக்கோ! யாரோ வாக் பண்றாங்க!"

சம்மட்டிக்காரர் ஓங்கிய கையை இறக்கினார். அங்கே எல்லோரும் அசையாமல்தான் நின்றார்கள். பின்னே யார்? கோடியில் செடிகளுக்குப் பின்னாலிருந்து மெல்ல வெளிப்பட்டது... எங்கள் வீட்டு நீலச் சட்டை! பின்வாசல் வழியாக நழுவியிருக்கிறார் மனிதர்.

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். "ஏங்க, இன்னிக்கு நடக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே!"

"அதனாலதான் வந்தேன். யாரும் இருக்க மாட்டாங்க இல்ல?"

திட்டு விழப் போகிறது என்று பயந்தேன். அந்தப் பெண்ணோ லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். "பாருங்க அங்கிள்... இது பெரிசு, இது சின்னது. பெரிசு, சின்னது. எல்லாம் உங்க ஸ்டெப்ஸ்."

அவர் திரையையே பார்த்தார். "இடது காலும் தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுது அங்கிள். எங்க ரெக்கார்டையே கெடுத்துடுச்சு! கொஞ்ச நேரம் உட்காருங்க. நாங்க முடிச்சதும் நடங்க."

அவர் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! நான்தான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் மண் கொஞ்சம் இளக்கம்தானாம். இருக்கட்டுமே... எல்லோரும் பார்க்க, தினமும் அவர் அதன் மேல்தான் நடக்கிறார்!