பிப்ரவரிக்கு முன்னால் இல்லை

எங்கள் திட்ட அறைச் சுவரில் தொங்கும் அட்டவணைத் தாளில் ஒரு பட்டையை ஒட்டும்போது வெர்லின் ஸ்ட்ரவுட் ஒட்டுநாடாவின் ஒரு முனையைக் கால் அங்குலம் தன்மேலேயே மடித்துக்கொள்வார். மறுமுனையைப் பெருவிரலால் இருமுறை தேய்ப்பார். மடித்த முனை ஒட்டாமல் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் தாள் கிழியாமல் பட்டை கையோடு வந்துவிடும். ஒட்டும்போதே கழற்றுவதற்கு வழி செய்துவிடுகிற மனிதர் அவர்.

பட்டை ஒவ்வொன்றும் ஒரு பயணம். ஏழு பேரோடு விண்வெளி ஓடம் வானில் சிதறிய எண்பத்தாறு ஜனவரிக்குப் பிறகு எதுவும் பறக்கவில்லை. பறக்காத காலத்தில்தான் எங்கள் அறையில் வேலை அதிகம். அடுத்து மனிதர்களை எப்போது அனுப்பலாம் என்று தேதி போடுவது, ஒரு சோதனை தள்ளிப்போனால் அதன் பின்னால் நிற்கும் அத்தனை பட்டைகளையும் உரித்து வலப்பக்கம் நகர்த்துவது. நான் சோதனைகளுக்குக் கோடு போடுகிறவன். தேதி வெர்லினுடையது.

அந்தத் தேதிகளை நாங்கள் யாரும் தேதியாக எடுத்துக்கொள்வதில்லை. எல்லாம் சரியாக நடந்தால்கூட அதற்கு முன்னால் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். தாராளமாக நாள் கொடுத்தால் ஆட்கள் தாராளமாக வேலை செய்வார்கள் என்று மேலிடத்துக்குப் பயம், ஆகவே இறுக்கமாகத்தான் போடுவோம். எங்களுக்குள் வெறுமனே "பிப்ரவரி" என்போம். மிச்சத்தைக் கேட்கிறவர் காது சேர்த்துக்கொள்ளும்.

வெர்லினின் அக்கா நெல்டா டைட்டஸ்வில்லில் ஆற்றங்கரைச் சாலைமேல் பதினெட்டு அறை விடுதி நடத்திவந்தார். அக்கரையில் ஏவுதளம். ஓடம் கிளம்பும் வாரங்களில் அறை கிடைக்காமல் ஜனம் காருக்குள் தூங்கும். அந்த வாரங்களை வைத்துத்தான் மற்ற வாரங்கள் ஓடின. இப்போது நிரந்தர விருந்தாளி நான் ஒருவன்தான், நாலாம் எண் அறை. காலையில் கதவைத் திறந்தால் வண்டியில்லாத முற்றத்தில் கூழைக்கடா ஒன்று வாடகைக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருக்கும்.

எண்பத்தேழு மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்து வெர்லின் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். புகைபோட்ட மடவை மீன், சோள ரொட்டி, காராமணி. டேடோனாவிலிருந்து ஒருவர் வந்து விடுதியை விலைக்குக் கேட்டதாக நெல்டா சொன்னார். விடுதியாகவே நடத்துவாராம், நெல்டாவும் பின்கட்டிலேயே இருந்துகொள்ளலாமாம். கணவர் கையால் கட்டிய இடம். கொடுப்பதா, பிடித்துக்கொண்டிருப்பதா என்பதுதான் கேள்வி என்று நானும் வெர்லினும் புரிந்துகொண்டோம்.

"சுத்தி வளைக்காம சொல்லுடா. எப்போ கெளம்பும்?"

"பிப்ரவரி, அக்கா."

"பத்திரிகைக்காரன்கிட்ட சொல்ற மாதிரி சொல்லாத. நான் ஒன்ன இடுப்புல தூக்கித் திரிஞ்சவ."

"சுவத்துல பிப்ரவரின்னுதான் இருக்கு. நானே ஒட்டினது."

நெல்டா என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, ஒங்க ஆளு சொல்றது நெசந்தானா? இவன் கல்யாணத்துக்கே அரைமணி லேட்டா வந்தவன்."

அந்தப் பிப்ரவரிக்கு முன்னால் எத்தனை சோதனைகள் நிற்கின்றன என்று எனக்குத் தெரியும். அவற்றின் கோடுகள் என் கையால் போட்டவை. தட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க" என்றேன். சொல்ல வேண்டியதை மனதில் நாலுவிதமாக அடுக்கி முடித்தபோது பேச்சு ஆரஞ்சு மரங்களுக்குப் போய்விட்டது.

டேடோனாக்காரர் பிறகு வரவில்லை.

ஆகஸ்டில் ஒரு கூட்டம் முடிந்து பிப்ரவரிப் பட்டை ஜூனுக்குப் போனது. வெர்லின் அதை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றார்.

"அக்காகிட்ட 'அதுக்கு முன்னாடி இல்ல'ங்கறத சொன்னேனா, லைல்?"

"இல்லிங்க."

"நீ சொன்னியா?"

நான் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பட்டையை ஜூனில் ஒட்டினார்.

அதன்பின் ஞாயிறுகளில் அவர் வரவில்லை. வேலை என்று தொலைபேசியில் சொல்வார். குளிர்காலத்தில் ஜூன் ஆகஸ்டாயிற்று. விடுதி அறைகளில் பூஞ்சணம் ஏற ஆரம்பித்தது. மார்ச்சில் நெல்டா வந்த விலைக்கு ஒரு படகு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, ஓகாலாவில் சித்தி மகள் வீட்டுக்குப் போனார். சாமான் ஏற்ற நான் கைகொடுத்தேன். வெர்லினுக்கு அன்றும் கூட்டம் இருந்தது. ஜூலையில் கட்டடத்தை இடித்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு முற்பகல் ஓடம் கிளம்பியது. அக்கரையின் சத்தம் நெஞ்செலும்புக்குள் வந்து இறங்கியது. சாலை நெடுக ஜனம் அழுதது, சிரித்தது. விடுதி இருந்த இடத்தில் கம்பிவேலிக்குள் புதுப் படகுகள், வேலிக்கு வெளியே அறை கிடைக்காத ஒரு குடும்பம் காரிலிருந்து தலையணைகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற வெர்லின் மேலே பார்க்கவில்லை. அந்தத் தலையணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலும் இரண்டு வருடம் தேதி ஒட்டிவிட்டு ஓய்வு பெற்றார். ஓகாலா ஒன்றும் தூரமில்லை, காரில் இரண்டு மணிநேரம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அக்காவுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பினார். ஒருமுறைகூடப் போகவில்லை. "எந்த மூஞ்சியோட போறது?" என்று என்னிடம் ஒரே ஒருதரம் கேட்டார். தொண்ணூற்றொன்பதில் இதயம் நின்று போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்துக்கு நெல்டா தடியூன்றி வந்திருந்தார். தம்பி ஏன் தன்னை அண்டவேயில்லை என்று என்னிடம் விசாரித்தார். பன்னிரண்டு வருடம் தாமதமாக அந்த மதியச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னேன், வெர்லின் சொன்ன பிப்ரவரியையும், நான் சொன்ன "ஆமாங்க"வையும். நெல்டா தடியை மண்மேட்டின் ஓரம் ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"அந்த டேடோனா ஆளுக்குக் குடுக்க முடியாதுன்னு வியாழக்கெழமயே சொல்லி அனுப்பிட்டேனே, தம்பி. நீங்க சாப்புட வந்தது ஞாயித்துக்கெழம."