செவ்வரத்தை எந்த மொழிக்கு?

காலையில் கடையைத் திறந்து கொம்பியூட்டரைப் போட்டதும் முதலில் வருவது ஒரு செவ்வரத்தம்பூ. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மருதனார்மடச் சந்தியில் தண்ணீர்ப் பம்புச் சாமான் விற்கிற கடையில் பூவுக்கு என்ன வேலை என்று கேட்காத ஆள் இல்லை. சாமிப் படமோ என்றும் சிலர் கேட்பார்கள். ஒரு விதத்தில் சாமி விசயம்தான். ஆனால் அதை அங்கே வைத்தவர் ரீச்சர்.

ரீச்சரைப் பற்றிச் சொல்ல முன்னம் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி பம்பு வாசரைக் கட்டிக்கொண்டு அச்சுவேலி வரை தோட்டம் தோட்டமாகத் திரிந்து, கடைசியில் சந்தியில் மாடிக் கட்டடம் எழுப்பினேன். கடையில் நாலாயிரம் வகைச் சாமான் உண்டு. ஒன்றுக்கும் பட்டியல் எழுதியதில்லை, எல்லாம் தலைக்குள். தோட்டக்காரர் பம்பின் சத்தத்தை வாயால் செய்து காட்டினாலே எந்தப் புஷ் தேய்ந்தது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, வலிகாமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதிதாகப் பம்பு வாங்க வருபவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “ஓடுற பம்பைப் பற்றி என்னட்டைக் கேளாதை. அது நிண்டு போனால் ஆர் வந்து திருத்துவான் எண்டு கேள்.”

ஏழு வருடத்துக்கு முன் என் நெஞ்சே நிற்கப் பார்த்தது. கொழும்பில் ஒப்பரேசன், அதன் பிறகு மூன்று மாதம் கடைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். ஒப்பரேசனுக்கு இரண்டரை மாதம் இருந்தது. கடையை நடத்த மனைவியை விட்டால் ஆளில்லை. அவவுக்கோ எது எங்கே கிடக்கிறது என்று தெரியாது. “நீங்கள் போங்கோ, நான் கடையைப் பாக்கிறன்,” என்றா. “தலையை மட்டும் கழட்டி மேசையில வைச்சிட்டுப் போங்கோ.”

அவ பகிடிக்குச் சொன்னதை அப்படியே செய்யலாம் என்று சொன்னவர் ரீச்சர். கடைக்கு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர், வயது நாற்பது இருக்கும். படியிறங்கி வரும்போதே சிரித்துக்கொண்டுதான் வருவார். என் தலையில் இருப்பதையெல்லாம் கொம்பியூட்டருக்குள் போட்டு, சாமானின் பெயரைத் தட்டினால் எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று காட்டுகிற மாதிரி ஒன்று எழுதித் தருவதாகச் சொன்னார். நான் சம்மதித்தேன். ஆனால் மனதுக்குள், என் தலைக்கு ஒரு மிசின் ஈடாகுமோ என்றுதான் இருந்தது.

சிக்கலைக் கொண்டுவந்தது கொழும்பிலிருக்கும் மருமகன். அவருக்கும் கொம்பியூட்டர் வேலைதான். அதை எந்தக் கொம்பியூட்டர் மொழியில் எழுதுவது என்று அவருக்கும் ரீச்சருக்கும் போனில் பிடிவாதம் தொடங்கியது. ரீச்சர் பதினைந்து வருடமாக வீபி என்ற மொழியில் எழுதிக் கை பழகியவர். மருமகன் சீ ஷார்ப்தான் வேண்டும் என்று நின்றார்.

“ரெண்டுக்கும் அப்பிடி என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“பெரிசா ஒண்டுமில்லை மாமா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான்.”

“அப்ப ஏன் சண்டை பிடிக்கிறியள்?”

பெரிய வித்தியாசம் இருந்தால் நானே ஒரு நிமிசத்தில் தீர்த்திருப்பேன். ஒன்று போல இருக்கிற இரண்டுக்குள் எதைத் தெரிந்தெடுப்பது? அப்படியே மூன்று கிழமை போய்விட்டது. ஒரு சாமானும் கொம்பியூட்டருக்குள் ஏறவில்லை. மனைவி கலண்டரைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தா.

கலியாணப் பேச்சு இழுபட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். ஒரு மொழிக்குச் செவ்வரத்தை, மற்ற மொழிக்கு நந்தியாவட்டை என்று மனதில் நினைத்து, இரண்டையும் வெற்றிலையில் ஒரே மாதிரிச் சுற்றி மூலஸ்தானத்துக்கு முன்னால் வைத்தேன். ஐயர் ஒன்றை எடுத்துத் தந்தார். பிரித்தேன், செவ்வரத்தை. மனம் நிறைந்துபோயிற்று. தேங்காய் உடைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

சந்தையடிக்கு வரும்போதுதான் அது உறைத்தது. செவ்வரத்தை எந்த மொழிக்கு? வீபிக்கா, சீ ஷார்ப்புக்கா? சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நாலாயிரம் சாமானைத் தலையில் வைத்திருப்பவனுக்கு இரண்டே இரண்டு பூ மறந்துவிட்டது!

வேறு யாரிடமும் சொல்ல வெட்கம். நேரே மாடியேறி ரீச்சரிடம் சொன்னேன். அவர் கதிரையில் இருக்கமாட்டாமல் சிரித்தார், கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

“பிள்ளையார் சரியாத்தான் சொல்லியிருப்பார் ஐயா. கேட்ட ஆள்தான் கேள்வியைத் துலைச்சுப்போட்டார்.”

“திரும்பப் போய்க் கேட்கட்டோ?”

“வேண்டாம். சீ ஷார்ப்பிலயே எழுதுறன்.”

நான் திகைத்துப் போனேன். “அப்ப உங்கடை வீபி?”

“அது எனக்குக் கை பழகினது, உண்மைதான். ஆனா கம்பஸ் முடிச்சு இப்ப வாற பிள்ளையளுக்கு சீ ஷார்ப்தான் தெரியும். நாளைக்கு நான் இஞ்ச இல்லாத நேரம் இது நிண்டு போனால் ஆர் வந்து திருத்துவான்? கீழ நிண்டு ஒவ்வொரு நாளும் கத்திறியள், எனக்குக் கேக்காதோ?”

ஆக, இந்தக் கடைக்குக் கொம்பியூட்டர் மொழியைத் தெரிந்தெடுத்தது ஐந்தாம் வகுப்புப் படித்த நான்தான். மருமகனிடம் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். ஆனால் பதினைந்து வருடம் பழகிய கையை என் கடைக்காக மாற்றிக்கொண்டவர் ரீச்சர். அயல்வீட்டுச் சைக்கிளை ஓடுவது போலத்தான் என்று சொல்லிச் சொல்லி இரண்டு கிழமையில் அதைப் படித்து முடித்தார்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நான் தட்டுகளுக்கு நடுவே நின்று சொல்ல, அவர் மடியில் கொம்பியூட்டரை வைத்துத் தட்டினார். கிணற்றுக்குள் குழாய் நுனியில் கிடக்கும் புட்வால்வை அச்சுவேலியார் கிணத்துக்கூடை என்பார்கள், சாவகச்சேரிப் பக்கம் வேறு பெயர். எந்தப் பெயரைத் தட்டினாலும் சாமான் வர வேண்டும் என்று அவர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு ஏற்றினார். முன்பு மறுபேச்சுப் பேசியிருப்பேன். பூ மறந்த நாளிலிருந்து நான் வாயைத் திறந்தது சாமானின் பெயரைச் சொல்ல மட்டும்தான். கொழும்புக்குப் பஸ் ஏறுவதற்கு முதல்நாள் வேலை முடிந்தது. திரையைத் திறந்து காட்டினார், முழுக்கச் செவ்வரத்தம்பூ. “இனி மறக்கமாட்டியள்,” என்றார்.

ஒப்பரேசன் முடிந்து நான் நாலு வார்த்தை பேசத் தொடங்கியதும் மனைவி போன் எடுத்தா. எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. “ஒரு மனிசன் கிணத்துக்கூடை கேட்டு வந்தது. தட்டினன், ரெண்டாம் தட்டு, நாலாம் பெட்டி எண்டு காட்டிச்சு. உங்கடை தலை இஞ்ச நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்கள் ஆறுதலா வாங்கோ.” தையல் நோவையும் மறந்து சிரித்தேன். நேர்ஸ் வந்து அதட்டினா.

ரீச்சர் இப்போது குடும்பத்தோடு நியூசிலாந்தில். இங்கே சோலர் பம்பு வந்துவிட்டது, ரீச்சர் எழுதினதில் அதற்கென்று தனிப்பகுதி சேர்க்க வேண்டியிருந்தது. போன கிழமை சாவகச்சேரியிலிருந்து ஒரு பிள்ளை வந்தா, கம்பஸ் முடித்தவ. ரீச்சரைக் கண்டதே இல்லை. உள்ளே திறந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆர் ஐயா எழுதினது? வடிவா விளங்குது,” என்றா. பின்னேரத்துக்குள் வேலை முடிந்தது. ஆர் வந்து திருத்துவான் என்று நான் கத்தினது வீண்போகவில்லை.

போகும்போது அந்தப் பிள்ளை திரையைக் காட்டி, “இந்தப் பூ ஒரு வேலையும் செய்யேல்லை ஐயா. எடுத்துவிட்டால் இன்னும் கெதியாத் திறக்கும்,” என்றா.

“பூவில கை வைக்காதை பிள்ளை. அது பிள்ளையார் தந்த விடை.”

“என்ன விடை ஐயா?”

“அதுதான் மறந்து போச்சு,” என்றேன்.