தொட்டித் தண்ணீரின் ஒரு சொட்டு

அறிவியல் டீச்சருக்கு நுண்ணோக்கி என்றால் உயிர். பள்ளியில் இருந்த ஒரே நுண்ணோக்கியின் கண்ணாடி மங்கிப்போயிருந்தது. பிள்ளைகள் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு, "தெரியுது டீச்சர்" என்று கூசாமல் தலையாட்டுவார்கள். டீச்சர் ஓர் அறக்கட்டளையை விடாமல் நச்சரித்து, அவர்களுடைய மானியத்தில் வகுப்புக்கே புத்தம் புது நுண்ணோக்கிகளை வரவழைத்துவிட்டார்.

அவற்றைப் பார்வையிட அறக்கட்டளைத் தலைவி வந்தார். வெயிலில் வந்தவருக்குத் தலைமையாசிரியர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து உபசரித்தார். டீச்சரோ பள்ளித் தொட்டியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்.

முதலில் பார்த்த சிறுமி துள்ளினாள். "டீச்சர், என்னமோ நீந்துது! வால்கூட இருக்கு!"

தலைவியும் ஆசையாகக் குனிந்து பார்த்தார். "அட, ஆமா! இது எந்தக் குளத்துத் தண்ணி?"

"குளமெல்லாம் இல்ல மேடம், நம்ம குடிதண்ணித் தொட்டிதான்" என்றார் டீச்சர், பெருமை பொங்க.

தலைவி தன் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. தலைமையாசிரியர் டீச்சரை எரித்துவிடுவதுபோல் முறைத்தார். வந்த நுண்ணோக்கிகளெல்லாம் திரும்பிப் போய்விடுமோ என்று டீச்சர் எதிரே இருந்ததை இறுகப் பிடித்துக்கொண்டார்.

தலைவி வாயைத் துடைத்துக்கொண்டார். "தண்ணிய சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு உடனே அனுப்பறேன். அதுவரைக்கும் யாரும் இதக் குடிக்காதீங்க."

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப சந்தோஷம் மேடம். ஆனா அறிவியல் வகுப்புக்கு மட்டும் இந்தத் தண்ணியே இருக்கட்டும். இவ்வளவு உயிருக்கு நான் வேற எங்க போவேன்?"