கழுத்தில் கோடு விழுந்த குதிரைகள்

யுத்தம் முடியப் போகிறது என்று வானொலி நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்த காலம். கல்முனையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கும் வாத்தியார் நான். சோதனை நெருங்கிவிட்டதால் அக்கரைப்பற்றில் ஒரு நாள் கருத்தரங்கு வைத்து, என்னை வரச் சொல்லியிருந்தார்கள்.

பாடத்தில் எங்கு பார்த்தாலும் குதிரை. இசுறுமுனிய விகாரைப் பாறையில் குதிரைத் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன், விகாரை வாசல் படியான சந்திரவட்டக்கல்லில் ஓடும் குதிரை, கிரேக்கக் கோயில் சுவரில் சவாரி போகும் வீரர்கள், பாரசீக ஓவியங்களில் வாளோடு பாயும் சுல்தான்கள். படத்தைக் காட்டி இது எது என்று கேட்பார்கள். கண்ணால் காணாத படத்தைப் பிள்ளை எப்படிச் சொல்லும்? என்னிடமிருந்த பழைய படங்களைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. கொழும்பிலிருந்த ஒரு கூட்டாளியை நச்சரித்துக் கலர் கொப்பி எடுப்பித்து, தடித்த மட்டைகளில் ஒட்டி மறுபடியும் ஒரு கட்டுச் சேர்த்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் சித்திரம் படிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கட்டுத்தான்.

பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டில் மழைக்கு ஒழுகும். அதனால் கருத்தரங்குக்கு முதல் நாள் படக்கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த எங்கள் வீடும் ஒழுகும் என்பது வேறு கதை. ஒழுகாத ஒரே அறை மாமாவுடையது. அவருடைய அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மாமா என்றால் என் மனைவியின் வாப்பா. எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பார். இருக்கலாம், ஆனால் மாமனாருக்கு முன்னால் சத்தம் போட முடியாது. கடல் இவருடைய பழைய வீட்டையும் இளைய மகளையும் ஒன்றாகக் கொண்டுபோனது. அதன் பிறகு தொழுகையும் தஸ்பீஹ் மணியுமாக அந்த அறையிலேயே இருந்தார்.

காலையில் கட்டை அவிழ்த்துப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாக் குதிரைகளின் கழுத்திலும் சிவப்புக் கோடு. எல்லா வீரர்களின் கழுத்திலும் சிவப்புக் கோடு. விடைத்தாள் திருத்த நான் வைத்திருந்த பேனை. வளையாமல் இருக்க மாமா அடிமட்டம் வைத்துக் கோடு கிழித்திருந்தார்! கிரேக்கக் கோயில் படத்தில் ஏற்கெனவே தலை உடைந்துபோயிருந்த வீரர்களை மட்டும் விட்டுவைத்திருந்தார். அவ்வளவு கவனம்.

உயிருள்ளவற்றின் உருவம் வீட்டில் இருக்கக் கூடாது, கழுத்தை வெட்டிவிட்டால் அது உயிர் உருவம் இல்லை என்று எங்களுக்குள் சிலர் நினைப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் பாரசீகக் குதிரையிலா?

"என்ன மாமா இது?" என்றேன்.

"ஒண்டும் கெடுக்கல்ல மருமகன். கழுத்துல ஒரு கோடுதான். படம் நல்லாத் தெரியிதுதானே?"

குசினிக்குப் போய் மனைவியிடம் கொட்டினேன். "வாப்பாவோட இப்ப கதைக்காதீங்க. பயணம் போற நேரம், மறுகா பாப்பம்" என்று என்னையே அடக்கினாள். இத்தோடு முடியவில்லை. மோட்டார் சைக்கிளில் மட்டைகளைக் கட்ட வசதியில்லாமல் நான் தடுமாற, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா வந்து பின்னால் ஏறினார். "நான் புடிச்சிட்டு வாறன்." வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நிந்தவூர் தாண்டி ஒரு சென்றி, இராணுவக் காவலரண். இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு போனோம். ஒரு சிப்பாய் கட்டை அவிழ்க்கச் சொன்னான். முதல் மட்டை, இரண்டாவது மட்டை என்று பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது. வாள் பிடித்த மனிதர்கள், எல்லோருக்கும் கழுத்தில் சிவப்புக் கோடு. இவர்கள் யார், யாருடைய கழுத்தை வெட்டப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். அந்த நாட்களில் சந்தேகம் என்று ஒதுக்கி நிறுத்தினால் அன்றைய பொழுது போய்விடும். சிலருக்கு அதற்கு மேலும் போயிருக்கிறது.

அடுத்து அவன் கையில் வந்தது இசுறுமுனியப் படம். "இது எங்களுடைய ஊர்" என்றான். குரல் தணிந்துவிட்டது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. என் சிங்களம் பள்ளிக்கூடச் சிங்களம். பாடம், சோதனை, பிள்ளைகள் என்று ஏதோ உளறினேன். அவன் கோட்டையே காட்டி, இது ஏன், இது ஏன் என்று கேட்டான். வாத்தியார் என்று காட்டிய அடையாள அட்டையைத் திருப்பித் தரவும் இல்லை. பாவி மனுசன் நம்மை எங்கே கொண்டுவந்து விட்டார் பார் என்று உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமா முன்னால் வந்தார். ஒரு காலத்தில் மருதமுனைச் சாரங்களைச் சிங்கள ஊர்களில் சுமந்து விற்றவர். அவருடைய சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

கோடு போட்டது நான்தான், என்றார். என் இளைய மகளைக் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய மையித்துகூடக் கிடைக்கவில்லை. போய் நின்று இறைவனிடம் துஆக் கேட்க அவளை அடக்கிய ஒரு கப்ர் இல்லை. அதனால் என் அறையில் இருந்து கேட்கிறேன். உருவப் படம் இருக்கும் இடத்துக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். படத்தை வெளியே வைத்தால் மழையில் நனைந்து இந்த மருமகன் படிப்பிக்கும் பிள்ளைகளின் சோதனை போய்விடும். உள்ளே வைத்தால் என் மகளுக்கான துஆ போய்விடும். இரண்டும் தப்ப வேண்டுமென்றுதான் கோடு போட்டேன். உங்கள் ஊர்க் கல்லை அவமதிக்க அல்ல.

ஒரே வீட்டில் ஒரே சஹன் தட்டில் அவரோடு சோறு தின்பவன் நான். இதில் ஒரு சொல்லைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. மாமனாரும் மருமகனும் மரியாதையாகத் தூர நிற்பதுதான் எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்! நடு வீதியில் கண் கலங்கி நின்றேன்.

சிப்பாய் படத்தைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். பிறகு மகளின் பெயர் என்ன என்று கேட்டான்.

மாமா சொன்னார். கடல் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. சொன்னால் பெற்றவள் மாமி உடைந்துபோவா என்று ஆளாளுக்குப் பயந்து விழுங்கிக்கொண்டிருந்தோம். சிப்பாய் அந்தப் பெயரைத் தன் வாயால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். உச்சரிப்புக் கொஞ்சம் பிசகியது. மாமா திருத்திச் சொன்னார், அவன் சரியாகச் சொன்னான். பிறகு அட்டையைத் தந்து, மட்டைகளை அவனே அடுக்கிக் கட்டி மாமாவின் கையில் கொடுத்தான்.

கருத்தரங்குக்குப் பிந்தித்தான் போனோம். கோடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் படத்தை மாற்றிச் சொல்லவில்லை.

படங்களைப் பாழாக்கினார் என்ற கோபம் எனக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை, அதை மறைக்கவும் போவதில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது. அவருடைய மகளின் பெயரைக் கேட்க, பக்கத்து அறையில் படுத்த எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. துப்பாக்கியோடு நின்ற ஒரு அந்நியன்தான் வந்து கேட்க வேண்டியிருந்தது.