முதலில் கிளம்பிய மூட்டை

திட்டம் போடுவதில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஒரு சீமந்தத்துக்கு எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று சமையல்காரர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். தப்பியதே இல்லை. ஆகவே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு நாள் என் அகத்துக்காரர், “எங்கேயாவது தீவுக்குப் போயிட்டு வரலாமா?” என்று கேட்டபோது, அது வெறும் பேச்சு என்று தெரிந்தும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது அவருடைய ஆபீஸ் துரை. சனிக்கிழமை மத்தியானம் ஆனதும் துரை எண்ணூருக்குப் போய்விடுவாராம். திங்கட்கிழமை வெயிலில் வெந்த மூக்கோடு திரும்பி வருவாராம். அதற்குப் பெயர் வீக் எண்டு. நமக்கும் சனிக்கிழமை அரை நாள்தானே, நாம் மட்டும் ஏன் மயிலாப்பூர்க் குளத்தையே சுற்றி வர வேண்டும் என்பது இவர் கட்சி. எண்ணூரில் துரைமார்கள் இருக்கிறார்கள், நமக்குத் தீவுதான் சரி என்றேன் நான்.

தீவு எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க்கரையில் விறகுக்கடை வைத்திருந்த பாய்தான் எங்கள் அடுப்புக்கு வாடிக்கை. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் காட்டுத் தீவிலிருந்து அவருக்குப் படகில் விறகு வரும். இவரையும் இழுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அங்க இன்னா கீதுன்னு போறீங்க சாமி? முள்ளு கீது, மணலு கீது, பாம்பு கீது. கால வெச்ச எடமெல்லாம் குத்தும். என் படகுக்காரனே வெறகை ஏத்திக்கினு ஓடியாந்துடுவான்.”

“அதான் பாய் வேணும்” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, பழவேற்காட்டில் தம் மச்சானுக்குப் படகு இருக்கிறதென்றும், தீவில் காட்டிலாகாக்காரர்கள் தங்கும் ஓட்டுக் கொட்டகை ஒன்று சும்மாதான் கிடக்கிறதென்றும், சொல்லி வைக்கிறேன் என்றும் சொன்னார். மனசு தாராளமான மனுஷர்.

அன்று சாயங்காலம் கூடத்தில் இதையெல்லாம் நான் கை காலை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவருடைய தங்கை, என்னைவிட இரண்டு வயது சின்னவள். பதினேழு வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் கோவிலைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. பாம்பைப் பற்றிக்கூட அவள் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அங்கே நம்மளைத் தெரிஞ்சவா யாரும் இருக்க மாட்டாளோ, மன்னி?”

கேட்டுவிட்டு மறுபடி வெண்டைக்காயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். இனிமேல் இது எங்கள் பயணமில்லை, அவளுடைய பயணம். அவள் வராவிட்டால் அந்தத் தீவு கடலில் முழுகிப் போனாலும் எனக்குக் கவலையில்லை.

மாமியாரைச் சமாளிப்பதுதான் பாக்கி.

“அந்தத் தீவுல கோவில் உண்டாடி?”

“இல்லேம்மா.”

“மனுஷா?”

“அவாளும் இல்லே.”

“பின்னே எதுக்கு இவளையும் இழுத்துண்டு போறே? ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் இங்கேதானேம்மா இருக்கு? நாங்க தீவுக்குன்னா போறோம்!”

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “போயிட்டு வரட்டுமே” என்றார். அந்த வீட்டில் அவர் அபிப்பிராயம் சொல்வதே அபூர்வம். மாமியார் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை கிழக்கே சூலம் என்றார். ரயில் வடக்கேதான் போகிறது என்றேன். பொன்னேரியில் இறங்கினால் மாட்டு வண்டி கிழக்கே திரும்பும் என்பதை நானாக எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் ஆபீஸ் விட்டு இவர் வந்து நாங்கள் கிளம்புகிற வேளை அசல் எமகண்டம்.

அதற்கு வழி சொன்னதும் மாமியார்தான். பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். நல்ல வேளையில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், கொண்டுபோகும் மூட்டையை மட்டும் அந்த வேளையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்களில் வழக்கம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் எமகண்டத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் தாமே முன்னால் நடந்துபோய், எங்கள் மூவரின் மூட்டைகளையும் தெருக்கோடி மாமி வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தார். நாத்தனாரின் மூட்டை மிகவும் சின்னது, ஒரே ஒரு மாற்றுப் புடவை. முடிச்சை மட்டும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியிருந்தாள்.

சனிக்கிழமை இவர் ஆபீஸிலிருந்து வரும்போதே ஜட்காவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். ஒரே பரபரப்பு. புளியோதரைத் தூக்கு ஒரு கையில், கூஜா ஒரு கையில். மாமியார் வாசலில் நின்றுகொண்டு வழக்கம்போல் உள்ளே பார்த்து, “கிளம்பறா, கிளம்பறா” என்று குரல் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். நாத்தனாரைக் காணோம். மூட்டைகளை எடுத்து வைக்க முன்னாலேயே தெருக்கோடிக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

தெருக்கோடியில் மாமி மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். இவருடையது வந்தது, என்னுடையது வந்தது. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு மாமி வண்டிக்குள் எட்டிப் பார்த்து, “இதுக்கு உடையவ எங்கே?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் யார் வெளியூர் கிளம்பினாலும், “கிளம்பறா” என்ற குரல் வந்ததும் அவள் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். கிளம்புகிறவர்களுக்கு எதிரே தான் வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவளை யாரும் போகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

வண்டியிலிருந்து குதித்து விடுவிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்தேன். “கிளம்பினவ திரும்பி வரக்கூடாதுடி!” என்று மாமியார் வாசலை மறித்தார். விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கிணற்றடியில் துவைக்கும் கல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். மடிப்புக் கலையாத புடவை, கையில் குடை.

“இங்கே என்னடி பண்றே?”

“நீங்கள்லாம் கிளம்பினப்புறம் வெளியே வரலாம்னு நின்னுண்டிருக்கேன் மன்னி” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே புரிந்தது. சிரிக்கப் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. எனக்கு வந்தது கோபம். யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லார்மேலும்தான்.

“நான் எதிர்ல வந்தா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்” என்றாள். “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கோ.”

மாமியார் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் காதில் நன்றாக விழும்படி சொன்னேன்.

“உன் மூட்டை நேத்திக்கே நல்ல வேளையில கிளம்பியாச்சு. உங்கம்மா கையாலேயே கொண்டுபோய் வெச்சா. சாஸ்திரப்படி நீ நேத்திலேர்ந்தே இந்த ஆத்துல இல்லே. ஊர்ல இல்லாதவ எப்படிடி எதிர்ல வருவா?”

பரஸ்தானம் பொய் என்றால் எங்கள் பயணமே எமகண்டத்தில்தான். மெய் என்றால் நான் சொன்னது சரி. மாமியார் என்னை முறைத்தார். பிறகு புடவைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டு, நடைவழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

“என் பின்னாலேயே வராதே” என்றேன் நாத்தனாரிடம். “நான் போய் வண்டியில உக்காந்துக்கறேன். நீ வாசல் வழியா, தெரு நடுவுல, நேரே எங்களைப் பார்த்து வா.”

போய் உட்கார்ந்தேன். ஜட்காக்காரர் பொறுமையிழந்து, “இன்னாம்மா, ரயிலு நமக்கோசரம் நிக்குமா?” என்றார். “இப்போ சகுனம் வரும், பார்த்துட்டுக் கிளம்பலாம்” என்றேன். இவர் கொஞ்சம் நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டார்.

வாசலில் அவள் தெரிந்தாள். படியிறங்கும்போது தயங்கினாள், பிறகு தெருவுக்கு வந்தாள். தெருவில் ஜன்னல்கள் திறந்துதான் இருந்தன. அவள் குனியவில்லை. மாமி மூன்றாவது மூட்டையோடு வழியிலேயே நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் கிட்டே வந்ததும் அதைக் கொடுத்து, “ஜாக்கிரதையாப் போயிட்டு வா” என்றாள்.

ஆறு வருஷமாக நாங்கள் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்று அவள் எதிரே வந்தாள். வந்த பிறகுதான் வண்டி கிளம்பியது.